தொண்டையில் கொட்டிய சாயம்

குடிநீர் அலுவலகத்தில் அவளுக்குத் துருவி என்று பெயர் விழுந்து வருடக்கணக்காகிவிட்டது. எதைச் சொன்னாலும் துருவித் துருவிக் கேட்பாள் என்று கணக்குப் பிரிவில் யாரோ வைத்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். கடைசியில் அவளே போனை எடுத்து, "துருவிதான் பேசறேன், சொல்லுங்க" என்கிற அளவுக்குப் பழகிப் போனது. அவள் உதவிச் செயற்பொறியாளர். நாற்பதைத் தாண்டியவள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வாய்தான் சும்மா இருக்காது.

அவளுடைய பொறுப்பில் இருந்த பம்ப் நிலையத்துக்குக் கீழே ஓர் ஓடை ஓடியது. ஊருக்கு வேண்டிய தண்ணீரை மேலேயே எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஓடையில் விட்டுவிடுவார்கள். அது புதரும் கல்லுமாகக் கிடந்த சரிவில் இறங்கி, சுண்ணாம்புக்கல் குன்றின் அடிவாரத்தில் ஒரு பாறைப் பிளவுக்குள் விழுந்து காணாமல் போய்விடும். அந்தப் பிளவைத் தொண்டை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மழைக்காலத்தில் ஓடை கரைபுரண்டு வந்தாலும் தொண்டை மடக் மடக்கென்று குடித்துவிடும். ஒரு நாளும் எதிர்த்து வந்ததில்லை. அலுவலக வரைபடத்தில் ஒரு நீலக்கோடு குன்று வரைக்கும் வந்து ஒரு புள்ளியில் நின்றது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அந்த நிலையத்துக்கு மாற்றலாகி வந்த அன்றைக்கே துருவி கேட்டுவிட்டாள், இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று. பூமிக்குள்ளே என்றார் பம்ப் ஓட்டுகிறவர். கடலுக்குத்தான், வேறெங்கே என்றார் கிடங்குக்காரர். எங்கேயோ போகுது என்றார்கள் மற்றவர்கள். எங்கேயோ என்றால் எங்கே என்று கேட்டதற்கு, ஆரம்பிச்சுட்டாங்கப்பா என்று எழுந்து போனார்கள்.

அலுவலகத்தின் பெரிய பொறியாளரை அப்புறம் சார் என்று சொல்வார்கள். எந்தக் காகிதம் போனாலும் "அப்புறம் பார்க்கலாம்" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கெட்டவர் இல்லை. யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. எந்த வேலையையும் செய்யாமலேயே எந்தத் தப்பும் செய்யாமல் பெரிய பதவிக்கு வந்தவர். துருவி அவரிடம் இரண்டு தடவை போய் நின்றாள். ஓடையில் சாயம் கலந்து விட்டால் அது எங்கே வெளியே வருகிறது என்று பார்த்துவிடலாம், பெரிய செலவும் இல்லை என்றாள்.

"நம்ம எல்லைக்குள்ள வர தண்ணிக்குத்தானம்மா நாம பொறுப்பு," என்றார் அவர். "குன்றுக்குள்ள போன பிறகு அது நம்ம தண்ணியே இல்ல. தானாப் போயிட்டு இருக்கறதை எதுக்கு நாம பிடிச்சு நிறுத்தி விசாரிக்கணும்? அப்புறம் பார்க்கலாம்."

அந்தச் சமயத்தில் சும்மா இருப்பதற்கு அவளுக்குத் தக்க காரணமும் இருந்தது. செயற்பொறியாளர் நாற்காலி காலியாகப் போகிறது, அடுத்து அவள்தான் என்று அலுவலகமே பேசிக்கொண்டது. அவளுடைய அண்ணன் வக்கீல். வாரம் தவறாமல் போன் செய்து, ஆர்டர் கைக்கு வருகிற வரைக்கும் எந்த வம்புக்கும் போகாதே, யாரைப் பார்த்தாலும் சிரி, வாயை மட்டும் திறக்காதே என்று பாடம் நடத்துவார். அவளும் சரிண்ணா, சரிண்ணா என்பாள். சொன்னபடி கொஞ்ச காலம் இருந்தும் பார்த்தாள். அந்தக் காலத்தில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சிடுசிடுவென்று இருந்தாள் என்று அவள் வீட்டுக்காரர் பின்னால் சொன்னார்.

வீட்டுக்காரருக்கு ஒரு கண் மருத்துவமனையில் வேலை. நோயாளிகளை முதலில் உட்கார வைத்துச் சோதித்துவிட்டு டாக்டரிடம் அனுப்புவார். ஒரு சாயங்காலம் அவரைக் கூட்டிப் போக அங்கே வந்தவள், அவர் ஒரு கொத்தனாரின் கண்ணைச் சோதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் ஏதோ தூசி கீறிவிட்டதாம். அவர் சாயம் தோய்ந்த ஒரு காகிதத் துண்டைக் கண்ணோரத்தில் தொட்டு எடுத்துவிட்டு நீல விளக்கைக் காட்டினார். விழி முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தது. கீறல் இருந்த இடம் மட்டும் மின்னல் கோடு மாதிரி தனியாகத் தெரிந்தது.

"இது என்ன சாயம்?" என்றாள் துருவி.

அவர் பேரைச் சொன்னார். சொன்ன கையோடு அவள் முகத்தைப் பார்த்தார். ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது அவருக்கு. வீடு வரும்வரை அவள் அந்தச் சாயத்தைத் தவிர வேறு பேச்சே எடுக்கவில்லை. கண்ணுக்குள்ளேயே விடுகிறார்கள் என்றால் குடித்தாலும் ஒன்றும் ஆகாது, இல்லையா என்று கேட்டாள்.

"கண்ணுல விடறது ஒரு சொட்டு. நீ மூட்டையாக் கொட்டப் போற," என்றார் அவர். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொன்னாலும் பிரயோஜனம் இல்லை என்று கல்யாணமான புதிதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிற ரகம் இல்லை. படித்தாள். ஓடையின் வேகத்தை அளந்தாள். இவ்வளவு தண்ணீருக்கு இவ்வளவு சாயத் தூள் என்று கணக்குப் போட்டு, அதிலும் பாதிதான் போடுவது என்று முடிவு செய்தாள். தன் ஊருக்குப் போகிற குழாய்கள் எல்லாம் மேலே இருக்கின்றன, ஒரு துளி கூட அதில் கலக்க வழியில்லை என்று உறுதி செய்துகொண்டாள். ஒரு விடுமுறை நாள் காலையில் தூளைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு தனியாகத் தொண்டைக்குப் போனாள்.

செங்கல் பொடி மாதிரி இருந்தது தூள். தண்ணீரைத் தொட்டதோ இல்லையோ, கிளிப்பச்சையாக வெடித்துப் பரவியது. வெயில் பட்ட இடமெல்லாம் உள்ளிருந்து விளக்கேற்றிய மாதிரி எரிந்தது. அந்தப் பச்சை சுழன்று சுழன்று போய்ப் பிளவுக்குள் விழுந்து மறைந்ததைப் பார்த்தபோது அவளுக்கு வயது மறந்து போனது. பாறையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள். பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

குன்றுக்கு இந்தப் பக்கம் இருந்த ஊற்று, குட்டை, கிணறு எல்லாவற்றையும் தினமும் வேலை முடிந்து போய்ப் பார்த்தாள். எல்லாம் எப்போதும் போல இருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு நம்பிக்கை போயிற்று. பூமிக்குள்ளேதான் போகிறது போலிருக்கிறது, பம்ப் ஓட்டுகிறவர் சொன்னதே சரி என்று நினைத்தாள். அலுவலகத்தில் வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறக்காமல் இருந்தாள். உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

அடுத்த வாரத்தில் ஒரு காலை, அலுவலகத் தொலைக்காட்சிக்கு முன்னால் கூட்டம் நின்றது. குன்றுக்கு அந்தப் பக்கம், அடுத்த மாவட்டத்தில், ஓர் ஊற்றுக்குளம் ராத்திரியோடு ராத்திரியாகப் பச்சையாகிவிட்டதாம். அங்கே ஒரு லாண்டரியில் மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் அத்தனையும் பச்சை பிடித்துக் கொடியில் தொங்கின. விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஒருவர் கேமராவுக்கு முன்னால் கத்தினார். குடத்தோடு பெண்கள் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள்.

துருவிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை அவள் பின்னால் யாரிடமும் மறைக்கவில்லை. 'அந்தப் பக்கமா! குன்றுக்கு அடியிலேயே போய் அந்தப் பக்கமா!' என்று உள்ளே ஒரு குரல் கூத்தாடியது. அது அடங்குவதற்குள் குடத்தோடு நின்ற பெண்கள் கண்ணில் பட்டார்கள். தன் ஊர்க் குழாய்களை அவ்வளவு ஜாக்கிரதையாகப் பார்த்தவள், தண்ணீர் வெளியே வருகிற இடத்தில் மனிதர்கள் இருப்பார்கள் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதே இரண்டு மாவட்ட அதிகாரிகளுக்கும் போன் செய்து என்ன சாயம், எவ்வளவு, யார் போட்டது என்று சொல்லிவிட்டாள். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்புறம் சாரின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு குன்றைச் சுற்றிக் காரில் போனாள். ஒரு திருப்பத்தில் வீட்டுக்காரர், "அடிப்பாங்களோ?" என்றார்.

லாண்டரி குளத்தை ஒட்டியே இருந்தது. தகரக் கூரை, பெரிய பெரிய மெஷின்கள், பின்னால் கொடி கொடியாக விரிப்புகள். அதை நடத்துகிற அம்மாளுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். ரப்பர் செருப்பும் இடுப்பில் செருகிய முந்தானையுமாக, போனில் மருத்துவமனைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் துருவி எதிரே போய் நின்று, நான்தான் போட்டேன் என்றாள்.

அந்தம்மாள் கொடுத்தாள் பாருங்கள், அப்படி ஒரு திட்டு துருவி வாழ்நாளில் வாங்கியதில்லை. படித்திருக்கிறாயே, கண் தெரியாதா, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்தால் என்ன, என் பிழைப்பில் சாயத்தைக் கொட்டினாயே, குழந்தைகள் எல்லாம் பயந்து கிடக்கின்றனவே என்று மூச்சு விடாமல் கேட்டாள். துருவி ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. வீட்டுக்காரர்தான், இது கண்ணில் விடுகிற சாயம், சோப்புப் போட்டு இரண்டு அலசு அலசினால் போய்விடும் என்று நடுவில் புகுந்து சொல்லி, தன் பங்குக்கும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார். அன்று பூராவும் மூன்று பேரும் வேலைக்காரர்களுமாக விரிப்புகளை மறுபடி மெஷினில் போட்டு எடுத்தார்கள். அவர் சொன்னபடி பச்சை போய்விட்டது.

சாயங்காலம் கடைசி விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டு அந்தம்மாள் குளத்தைப் பார்த்து நின்றாள். பச்சை வெளுத்துக்கொண்டிருந்தது.

"அப்போ இது உங்க ஊரு ஓடைத் தண்ணியா?"

"ஆமா."

"இவ்வளவு பெரிய குன்றுக்கு அடியிலயா வருது?" குன்றை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். "உள்ள எப்படி இருக்கும்?"

துருவிக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. தெரியலக்கா என்றாள்.

தண்ணீரைச் சோதித்து, குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அதற்குள் விசாரணை வந்துவிட்டது. அதோடு இன்னொரு செய்தியும் வெளியே வந்தது. குன்றின் இந்தப் பக்கம் கட்டப்போகிற புதுக் குடியிருப்பின் கழிவு நீரைத் தொண்டைக்குள் விடுவதாக வேறொரு பிரிவில் திட்டம் போட்டு வைத்திருந்தார்களாம். எவ்வளவு விட்டாலும் குடிக்கிற குழி, விட்டுவிட்டுக் கை கழுவிவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள். அது இப்போது இரண்டு மாவட்டத்துக்கும் தெரிந்து போனது. ஒரே நாளில் செய்தித்தாள்களின் பேச்சு மாறியது. விஷம் கலந்தவள் என்று எழுதியவர்களே, மக்களைக் காத்த பெண் பொறியாளர் என்று எழுதினார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் அப்புறம் சார் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தட்டச்சு செய்த ஒரு பக்கத்தை நகர்த்தி வைத்தார். சோதனைக்காக எடுத்துப் போன சாயம் கை தவறி ஓடையில் விழுந்துவிட்டது என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் ஓர் எச்சரிக்கையோடு முடிந்துவிடும், பதவியும் தள்ளிப் போகுமே தவிரக் கைவிட்டுப் போகாது என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். கண்ணாடியைத் துடைக்கக்கூட மறந்திருந்தார்.

அன்று மாலை அண்ணன் வந்தார். கை தவறி விழுந்ததென்று சொல்வதெல்லாம் முட்டாள்தனம், நம்மிடம் அதைவிட நல்ல சீட்டு இருக்கிறது என்றார். கழிவு நீர்த் திட்டம் தெரிந்துதான், மக்கள் உயிரைக் காப்பாற்றத்தான் போட்டேன் என்று சொல், தண்டனை கொடுக்க எவனுக்கும் துணிச்சல் வராது, பதவியை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்றார்.

"அந்தத் திட்டமே எனக்குத் தெரியாதுண்ணா," என்றாள் துருவி.

"தெரியாதுங்கறது உனக்கும் எனக்கும்தானே தெரியும்?"

"அது போதாதா?"

அண்ணன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, நீங்களாவது சொல்லுங்க மாப்பிள்ளை என்றார். வீட்டுக்காரர் சொன்னார், ரெண்டு பொய்யில எது நல்லா இருக்குன்னு என்னைக் கேட்டா வக்கீல் சொல்றதுதான் நல்லா இருக்கு, ஆனா அவ ரெண்டையும் சொல்ல மாட்டா, காபி குடிங்க என்று. அண்ணன் காபி குடிக்காமலே போய்விட்டார்.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தாள். இரண்டு பக்கமும் இரண்டு அதிகாரிகள். மூலையில் அப்புறம் சார். கையெழுத்துப் போடாத பக்கம் மேஜை நடுவில் கிடந்தது.

கை தவறித்தானே விழுந்தது என்று ஓர் அதிகாரி எடுத்துக் கொடுத்தார். இல்லை, நான்தான் கொட்டினேன் என்றாள் துருவி. அப்படியென்றால் கழிவு நீர்த் திட்டத்தைத் தடுக்க என்று வைத்துக்கொள்ளலாமா என்றார் இன்னொருவர், பத்திரிகைகளுக்குப் பயந்த குரலில். அதுவும் இல்லை என்றாள்.

தலைமை அலுவலகத்து அம்மாள் பேனாவை மூடி வைத்தாள். "அப்போ எதுக்குத்தான் போட்டீங்க?"

"தண்ணி எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இது ஒரு காரணமா?"

துருவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்கு இதைவிட நல்ல காரணம் தெரியல மேடம். நான் செஞ்ச தப்பு வேற. அந்தப் பக்கம் ஆளுங்க இருப்பாங்கன்னு யோசிக்காம, அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போட்டேன் பாருங்க, அது தப்பு. அதுக்கு என்ன தண்டனை வேணாலும் குடுங்க, வாங்கிக்கறேன். உத்தரவு இல்லாம செஞ்சதுக்கும் குடுங்க. ஆனா தெரிஞ்சுக்க ஆசைப்பட்டதுக்கு மன்னிப்புக் கேளுன்னா கேட்க மாட்டேன். இத்தனை வருஷம் வரைபடத்துல அந்தப் புள்ளியைப் பார்த்துட்டு நாம எல்லாரும் சும்மா இருந்தோமே, அதுக்கு யாரும் விசாரணை வைக்கலயே."

அந்த அம்மாள் பக்கத்து அதிகாரியிடம், சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

தண்டனை வந்தது. பதவி உயர்வு போயிற்று. சம்பள உயர்வும் நின்றது. அவளை மீட்டர் சோதிக்கிற கூடத்துக்கு மாற்றினார்கள். பழுதான தண்ணீர் மீட்டர்களைப் பிரித்துப் போட்டு வரிசையாக ஓட்டிப் பார்க்கிற இடம். செயற்பொறியாளர் நாற்காலியில் அவளைவிட ஐந்து வயது இளையவர் உட்கார்ந்தார். அண்ணன் ஒரு வருடத்துக்கு மேல் பேசவில்லை. உறவுக்காரர் வீட்டு விசேஷங்களில், கையில் வந்த பதவியைக் காலால் உதைத்தவள் என்று அவள் காதுபடவே சொன்னார்கள். கஷ்டமாக இல்லையா என்றால் இருந்தது. சில காலைகளில் மீட்டர் கூடத்துக்குப் பஸ் ஏறும்போது அழுகையாகக்கூட வந்தது. ஆனால் சாயம் கொட்டிய அந்தக் காலையைத் திரும்பக் கொடுத்தால் வேறு மாதிரி செய்வாயா என்று வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டதற்கு, முன்னாடி நாளே அந்தப் பக்கம் போய்ச் சொல்லிட்டு வந்து போடுவேன் என்றாள்.

கழிவு நீர்த் திட்டத்தைக் கிடப்பில் போட்டார்கள். அலுவலகம் புது வரைபடம் அச்சிட்டது. அதில் நீலக்கோடு குன்றுக்குள் புள்ளி புள்ளியாகப் போய் மறுபக்கம் குளத்தில் சேர்ந்தது. துறையின் ஆய்வு என்று கீழே போட்டிருந்தார்கள். அவள் பெயர் எங்கும் இல்லை. அதை மீட்டர் கூடத்துக்குக் கொண்டுவந்து காட்டியவர் அப்புறம் சார்தான். மேஜையில் விரித்து வைத்தார். போகும்போது, "உள்ள எந்த வழியா வளைஞ்சு போகுதுன்னு தெரியாம நேராப் போட்டுட்டாங்கம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் தொற்றிக்கொண்டதே என்று துருவி நாளெல்லாம் சிரித்தாள்.

அடுத்து வந்த கோடையில் லாண்டரி அக்காவிடமிருந்து போன் வந்தது. குளம் வற்றினால் ஊற்றுக்குப் பின்னால் பாறையில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வாய் திறக்கும், இந்த வருடம் நன்றாகவே திறந்திருக்கிறது என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைப் பார்க்கிறாளாம். உள்ளே போக முதலில் மாமியார் வேண்டாம் என்றார், பிறகு புருஷன் வேண்டாம் என்றார், இப்போது மகன் வேண்டாம் என்கிறான்.

"எனக்கு முட்டி வலி இருக்கு. நீ வந்தா போலாம்," என்றாள்.

துருவி இந்தத் தடவை சொல்ல வேண்டிய எல்லோரிடமும் சொன்னாள். மேலே பம்ப் நிலையத்தில் அன்று ஓடையில் தண்ணீர் விட வேண்டாம் என்று பம்ப் ஓட்டுகிறவரிடம் பேசினாள். வானத்தில் மேகம் இல்லையா என்று பார்த்தாள். தலைக்குக் கட்டுமான வேலைத் தொப்பி, ஆளுக்கு இரண்டு டார்ச் என்று கொண்டு போனாள். இருட்டுவதற்குள் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுத்தாள். அவர் அந்த வாய்க்கு வெளியே பாறை நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு பெண்களும் குனிந்து, பிறகு தவழ்ந்து போனார்கள். அக்கா முன்னால் போனாள். முட்டிக்கு லாண்டரித் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தாள். சேறு சில்லென்று இருந்தது. வழி ஓர் இடத்தில் மூச்சு முட்டுகிற மாதிரிக் குறுகி, சட்டென்று விட்டுக்கொடுத்தது. நிமிர்ந்து டார்ச்சை அடித்தபோது கூரை எட்டவில்லை. ஒரு வீடே உள்ளே நிற்கும், அவ்வளவு பெரிய கூடம். சுவரெல்லாம் மெழுகு உருகி வழிந்து உறைந்த மாதிரி வெள்ளைப் பாறை. எதிரே, ஆள் உயரத்துக்கு மேலே ஒரு துவாரத்திலிருந்து தண்ணீர் மெல்லிசாக விழுந்துகொண்டிருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று துருவிக்குத் தெரியும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது.

அக்கா நனைந்த பாறையில் உட்கார்ந்துவிட்டாள். "இதுக்குப் பக்கத்துலயே துணி அலசிட்டு இருந்திருக்கேன் பாரேன்," என்றாள். துருவி டார்ச்சைத் துவாரத்தின் பக்கம் திருப்பினாள்.

வெளியே வந்தபோது தலை முதல் கால் வரை சேறு. வீட்டுக்காரரோடு அக்காவின் மகனும் நின்றிருந்தான். அவன் முகம் சிவந்திருந்தது. இந்த வயசுல இதெல்லாம் தேவையா, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆகியிருந்தா யார் பதில் சொல்றது என்று அவன் பாட்டுக்குப் பொரிந்து தள்ளினான். அக்கா முந்தானையைப் பிழிந்து உதறிவிட்டு, அவன் முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டாள்.

"முடிச்சிட்டியா? சரி. மேல ஒரு ஓட்டை இருக்கு. கைக்கு எட்டல. நாளைக்கு டவுனுக்குப் போறப்ப ஒரு நல்ல ஏணி பார்த்துட்டு வா."

"மடக்கற மாதிரி ஏணி," என்றாள் துருவி. "வழி குறுகல்."